ஒற்றைக் கம்பி விளக்கு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். நான் வேலைக்குக் கிளம்பும்போது என் கணவர் கிளெமென்ட் டூல்ஸ் பையை எடுத்துக் கொடுத்துவிட்டு, கோபத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்வார். வைத்துவிட்டுப் போனால் எனக்கு வேலை ஓடாது என்பதும் அவருக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் ஒரு கான்ட்ராக்டரிடம் வயர் இழுத்தவள் நான். திண்டுக்கல்லில் எத்தனையோ வீடுகளின் சுவருக்குள் ஓடுவது நான் இழுத்த வயர்தான். ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் ஒருத்தருக்கும் என் பெயர் தெரியாது. வேலை நன்றாக இருந்தால் கான்ட்ராக்டரின் கைராசி. எங்காவது புகை வந்தால் மட்டும் "அந்தப் பொம்பள செஞ்ச எடமா இருக்கும்" என்பார்கள்.

போன வருடம் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு தனியாக வந்துவிட்டேன். அதில் வயர்மேன் என்றுதான் போட்டிருக்கிறது. திருத்தித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. ஜெயமேரி, வயர்மேன். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

என் பெயரில் நான் எடுத்த முதல் பெரிய வேலை நத்தம் ரோட்டில் சண்முகவள்ளி அக்காவின் மாந்தோப்பில். கணவர் போன பிறகு பதினைந்து ஏக்கரையும் ஒண்டியாக நின்று பார்க்கிற மனுஷி. தோப்புக்குள் இரண்டு அறைகளும் ஒரு நீச்சல் குளமும் கட்டி, லீவு நாளில் டவுன்காரர்கள் குடும்பத்தோடு வந்து குளித்துவிட்டுப் போகட்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார். மாங்காய் சீசன் முடிந்த கையோடு ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் சுகன்யாவும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும்தான் முதலில் தண்ணீரில் இறங்குவதாகப் பேச்சு.

குளத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மோட்டார் அறை. தண்ணீரைச் சுத்தம் செய்யும் மோட்டாரும் குளத்து விளக்குகளுக்கான கருவியும் அதற்குள் இருந்தன. இவை எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு பெட்டி வைத்து, ஒரே திருப்பில் மொத்தக் கரண்டையும் வெட்டுகிற மாதிரி சுவிட்ச் கொடுக்க வேண்டும். அந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்பதிலேயே எனக்கும் அக்காவுக்கும் முதல் சண்டை. கரண்ட் சம்பந்தப்பட்டது அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். அக்னி மூலை வீட்டுக்குப் பின்னால், கோழிக்கூண்டுப் பக்கம் இருந்தது.

முடியவே முடியாது என்றேன். மோட்டாருக்குள் கை வைத்திருப்பவன் தலையைத் திருப்பினால் அந்த சுவிட்ச் கண்ணில் பட வேண்டும். பின்பக்கம் கொண்டுபோய் வைத்தால், ஆள் உள்ளே வேலை பார்ப்பது தெரியாமல் யாராவது போட்டுவிடுவார்கள். அதே சமயம் குளத்தில் ஈரக்கையோடு நிற்கிறவருக்கு அது எட்டவும் கூடாது. மோட்டார் அறைக்கு எதிரே, குளத்திலிருந்து தள்ளி, தனிக் கம்பத்தில் வைக்கிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அக்கா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் ஜோசியரிடமே கேட்டு, கம்பம் நிற்கிற இடமும் ஒரு கணக்கில் அக்னி மூலைதான் என்று ஒப்புதல் வாங்கிவிட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பெட்டியை நான் அழகாகச் செய்திருந்தேன். மழை பிடிக்காத பெட்டி. பைப்புகள் எல்லாம் அடிப்பக்கமாகவே நுழையும், மேலே ஒரு ஓட்டைகூடக் கிடையாது. பூமிக்குள் இடுப்பளவு ஆழத்தில் கேபிள் ஓடி மோட்டார் அறைக்குப் போனது. தனியாக எர்த் குழி வெட்டி, குளத்து ஸ்டீல் ஏணியையும் அந்த எர்த்தோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். உள்ளே ஆர்.சி.சி.பி. என்று ஒரு காவல்காரன். போன கரண்ட் போன வழியே திரும்பி வராமல் கொஞ்சம் வேறு பக்கம் கசிந்தாலும், கண்ணிமைக்கும் நேரத்தில் பட்டென்று விழுந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாம் போட்டுப் பார்த்தேன். மோட்டார் ஓடியது. விளக்கு எரிந்தது. பெட்டிக் கதவை மூடிவிட்டு அதையே செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பெருமையாக இருந்தது.

அன்று அங்கே ஒச்சப்பன் அண்ணனும் இருந்தார். அந்தப் பக்கத்துத் தோப்புகளில் முப்பது வருடமாக மோட்டார் வேலையும் கரண்ட் வேலையும் பார்ப்பவர். நடுராத்திரி கூப்பிட்டாலும் வந்து நிற்பார் என்று அவர்மேல் எல்லோருக்கும் மரியாதை. அக்கா அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். ஒரு மோட்டாருக்கு இம்புட்டுப் பெரிய டப்பாவா என்று சிரித்துவிட்டுப் போனார். நானும் சிரித்து வைத்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்காவிடமிருந்து போன். பெட்டி நிற்கவே மாட்டேன் என்கிறது, தூக்கிவிட்டால் அந்த நிமிஷமே விழுந்துவிடுகிறது என்றார். மரியநாதபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது.

பந்தல்காரர்கள் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சுவிட்சைத் தூக்கினேன். பட்டென்று விழுந்தது. மறுபடி தூக்கினேன், மறுபடி விழுந்தது. ஒச்சப்பன் அண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இந்தக் காவல்கார ஐட்டமே மக்கர், இதைக் கழற்றிப் போட்டுவிட்டு டைரக்டாகக் கொடுத்தால் வேலை முடிந்தது என்றார். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். கத்துகிறது என்பதற்காக நாயின் வாயைக் கட்டுகிற வேலை இது. நேற்று நான் போன பிறகு மோட்டாரில் யாராவது கை வைத்தீர்களா என்று கேட்டேன். மோட்டாரை ஒருத்தரும் தொடவில்லை என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது.

மோட்டாரின் வயர்களைக் கழற்றிவிட்டுத் தூக்கினேன். விழுந்தது. விளக்கைக் கழற்றினேன். விழுந்தது. கடைசியில் பெட்டியிலிருந்து கிளம்பும் கேபிளையே கழற்றினேன். அப்போது நின்றது. அப்படியென்றால் பெட்டியில் கோளாறு இல்லை, அதற்கு அப்பால் ஏதோ இருக்கிறது. கேபிளில் மெகர் வைத்துப் பார்த்தேன். வயரின் மேல்தோல் நன்றாக இருக்கிறதா என்று சொல்லும் மீட்டர் அது. காட்டிய எண் ரொம்பக் குறைவு. கரண்ட் எங்கேயோ கசிகிறது. மோட்டாரும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது மண்ணுக்குள் நான் புதைத்த கேபிள்தான்.

மேலே புதுப் புல் பதித்திருந்தார்கள். நாளைக்குக் காலையில் விழா. அதைத் தோண்டு என்றால் அக்கா என்ன சொல்வார்? அதைவிட, புதைக்கும்போது என் கையாலேயே எங்காவது கேபிளைக் காயப்படுத்திவிட்டேனா? இத்தனை வருடத்தில் எனக்கு என்மேல் சந்தேகம் வந்தது அன்று ஒரு நாள்தான். அழுதால் தீர்ந்தது கதை, பொம்பளை அழுகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அக்கா வந்தார். நாளைக்கு ஒரு நாள் மட்டும் டைரக்டாகப் போட்டுவிடு, திங்கட்கிழமை எங்கே வேண்டுமானாலும் தோண்டிக்கொள் என்றார். முடியாது என்று தலையாட்டினேன். அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

"மேரி, ஒனக்கு ஏலலைன்னா ஏலலைன்னு சொல்லிட்டுப் போ. ஒச்சப்பண்ணே பாத்துக்கிருவாரு."

நெஞ்சில் சுருக்கென்றது. பெரிய சுவிட்சை ஆஃப் பக்கம் திருப்பினேன். அந்தக் கைப்பிடியில் பூட்டு மாட்ட ஒரு ஓட்டை இருக்கும். என் பூட்டை அதில் மாட்டி, சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். கேபிளின் மறுமுனையில் நான் கை வைக்கப்போகிறேன், அந்த நேரம் இங்கே யாரும் தூக்கிவிடக் கூடாது. நான் சொல்லும் வரை இது திறக்காது, கோபித்துக்கொள்வதென்றால் கோபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மோட்டார் அறைக்குள் போனேன். பின்னால் பந்தல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பது தெரிந்தது.

கேபிள் வந்து சேருமிடத்தில், குளோரின் டப்பாக்களுக்குப் பின்னால் சுவரில் ஒரு சின்ன ஜங்ஷன் பெட்டி. நான் வைத்ததுதான். டப்பாக்களை நகர்த்திவிட்டு மூடியைக் கழற்றினேன். என் வயர்கள் நான் வைத்தபடியே இருந்தன. கூடவே நான் வைக்காத ஒன்றும் இருந்தது. மெல்லிய சிவப்பு வயர் ஒன்று, கரண்ட் வரும் என் பேஸ் வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன். காற்றுக்கு வைத்த ஓட்டை வழியாக வெளியேறி, மாமரத்துக் கிளைமேல் ஏறி, திருவிழாவுக்குக் கட்டுகிற மாதிரி பெரிய பழைய ஃபோகஸ் லைட் ஒன்றில் போய் முடிந்தது. லைட்டுக்குப் போனது அந்த ஒரே வயர். லைட்டின் இன்னொரு முனையிலிருந்து வேறொரு வயர் மரத்தை ஒட்டிக் கீழே இறங்கி, போர்வெல் தலையில் இருக்கும் இரும்புப் பைப்பில் சுற்றிக் கட்டியிருந்தது.

ஒச்சப்பன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கொஞ்சம்கூடப் பதறவில்லை.

"அது சும்மா ஒரு லைட்டுத்தேன், ஆத்தா. இன்னைக்கு ராத்திரிப் பந்தல் வேலைக்கு வெளிச்சம் வேணும்ல? மோட்டார நான் தொடவே இல்லையே."

அவர் சொன்னது உண்மை. அவருக்கு அது மறைக்கிற விஷயமும் இல்லை, சொல்கிற விஷயமும் இல்லை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு லைட் வேண்டும் என்றால் இப்படித்தான் கட்டுவார்கள். பேஸுக்கு ஒரே ஒரு வயர் இழுப்பார்கள். திரும்பி வர வேண்டிய நியூட்ரலுக்கு வயர் இழுக்க மாட்டார்கள். போர்வெல்லில் இறக்கியிருக்கும் இரும்புக் குழாயில் கட்டிவிடுவார்கள், பூமி பார்த்துக்கொள்ளும். வடமதுரைப் பக்கம் என் அப்பாவும் மாட்டுக்கொட்டகை லைட்டை வருடக்கணக்கில் இப்படித்தான் எரித்தார். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் நான் படித்தேன். அதனால் ஒச்சப்பன் அண்ணனைப் பார்த்து முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் இந்த போர்வெல் புதுசு. இதில் இறக்கியிருப்பது இரும்புக் குழாய் இல்லை, பிளாஸ்டிக். இறக்கும்போது கூடவே நின்றவர் ஒச்சப்பன் அண்ணன்தான். இருந்தாலும் முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாகக் கட்டிவிட்டது. தலையில் இருக்கும் அந்த இரும்புப் பைப் பூமிக்குள் எங்கேயும் போகவில்லை. சுவரோரமாக பிளாஸ்டிக் கிளிப்களின்மேல் ஓடி, நேராக நீச்சல் குளத்துக்குப் போகிறது. அதன் வாய் தண்ணீருக்குள் முழுகியிருக்கிறது. பூமிக்குள் போக வழி இல்லாத கரண்ட், பைப் வழியாகக் குளத்துக்குள் வந்து, தண்ணீரைக் கடந்து, ஏணி வழியாக என் எர்த்துக்குப் போய்க்கொண்டிருந்தது. என் பெட்டி அதைப் பார்த்துத்தான் விழுந்துகொண்டிருந்தது. மக்கர் இல்லை அது, காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

இதை நான் வாயால் விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஏலலைன்னா போ என்று கேட்ட பிறகு எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

"டைரக்ட்டாப் போடச் சொன்னீகள்ல, அக்கா? அரை நிமிசம் போடுறேன். நல்லாப் பாத்துக்கங்க."

எல்லோரையும் குளத்திலிருந்து இருபது அடி தள்ளி நிற்கச் சொன்னேன். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் ஒரு வயரைக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் அந்த இரும்புப் பைப்பிலும், இன்னொன்றை எர்த்திலும் கட்டித் தரையில் வைத்தேன். பிறகு வீட்டு மெயினை அணைத்துவிட்டு, அந்தச் சிவப்பு வயரை என் கேபிளிலிருந்து பிரித்து, என் பெட்டிக்கு முன்னால் வரும் வீட்டு லைனில், அதாவது காவல்காரன் இல்லாத இடத்தில் இணைத்தேன். வீட்டு மெயினுக்குப் பக்கத்தில் நின்று நானே சுவிட்சைப் போட்டேன்.

குண்டு பல்பு பளிச்சென்று எரிந்தது. பட்டப்பகலிலும் அதன் வெளிச்சம் ஈரத் தரையில் தெரிந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளிக் குளத்துத் தண்ணீர், நீலமாக, ஒன்றுமே நடக்காத மாதிரி அசைந்துகொண்டிருந்தது.

உடனே அணைத்துவிட்டேன். அக்கா அப்படியே புல்தரையில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்குப் பிள்ளைகள் இதில்தானே இறங்கும் என்றார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஒச்சப்பன் அண்ணன் ரொம்ப நேரம் பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே மரத்தில் ஏறி லைட்டை இறக்கி, வயரை முழங்கையில் சுற்றி எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். நான் வயர்களைப் பழையபடி மாட்டி, பூட்டைத் திறந்து, சுவிட்சைத் தூக்கினேன். நின்றது. சாயங்காலம் ஐந்து மணி வரை உட்கார்ந்து பார்த்தேன். அசையாமல் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை பார்த்துவிட்டு, கோயில் சேலையைக்கூட மாற்றாமல் கிளெமென்டோடு தோப்புக்குப் போனேன். விருந்தாளியாகத்தான் போனோம். என் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகை சுற்றியிருந்தார்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் விளக்குகள் எரிந்தன. ஐயர் மந்திரம் சொல்லி முடித்தார், எலுமிச்சம்பழம் நசுங்கியது, எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை.

பேரப்பிள்ளைகள் இரண்டும் இடுப்பில் ரப்பர் வளையத்தை மாட்டிக்கொண்டு கரையில் குதித்துக்கொண்டிருந்தன. சுகன்யா இரண்டின் கையையும் விடாமல் பிடித்திருந்தாள். முந்தின நாள் நடந்ததை அம்மா போனில் சொல்லியிருப்பார் போல. பந்தல்காரர்கள் வாயிலாக அது நத்தம் வரைக்கும் போயிருந்தது. கூட்டத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம், கரண்ட் வந்த குளம் இதுதான் என்று கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. அக்கா மெல்ல என் பக்கத்தில் வந்து, இப்போது நிஜமாகவே ஒன்றும் இல்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் பிள்ளைகளை இறங்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்கள்மேல் இல்லை. எரிந்த பல்பைக் கண்ணால் பார்த்தவர்கள் பயப்படாமல் என்ன செய்வார்கள்? ஆனால் இன்றைக்கு ஒருத்தரும் இறங்காமல் கலைந்து போனால், நான் செய்த பெட்டியும் எர்த்தும் எவ்வளவு நன்றாக இருந்து என்ன? இது கரண்ட் வந்த குளம், அதை வயரிங் செய்தவள் ஜெயமேரி என்றே ஆயுசுக்கும் பேசுவார்கள். என் பெயரில் நான் எடுத்த முதல் வேலை அது.

செருப்பைக் கழற்றினேன். போனையும் வாட்சையும் கிளெமென்ட் கையில் கொடுத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏய், ஒனக்கு நீச்சல் தெரியாதே?"

"கரண்டு தெரியும்ல?"

ஸ்டீல் ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மோட்டாரை நிறுத்தச் சொல்லவில்லை, விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. முதல் படி, இரண்டாம் படி. தண்ணீர் சில்லென்று கணுக்காலில் ஏறி, முழங்காலில் ஏறி, சேலை கனத்து இடுப்பில் ஒட்டியது. அடியில் கால் ஊன்றியதும் ஏணியை விட்டேன். நடந்து போய் அந்த இரும்புப் பைப்பின் வாயில் கையை வைத்துக்கொண்டு, கரையில் நின்ற அத்தனை பேரையும் பார்த்து நிமிர்ந்து நின்றேன். கல்யாணத்தன்று மணமேடையில் நின்றபோதுகூட எனக்கு இவ்வளவு கர்வம் இருந்ததில்லை.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒச்சப்பன் அண்ணன் வந்தார். அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. சட்டையைக் கழற்றி வாழைமரத்தில் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்க அதே ஏணியில் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் சுகன்யா பிள்ளைகளின் கையை விட்டாள். இரண்டும் ஒன்றாகக் குதித்ததில் எங்கள் முகமெல்லாம் தண்ணீர். அக்கா கரையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒச்சப்பன் அண்ணன் என் பக்கமாகக் குனிந்தார். வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"ஆத்தா, இந்தச் சுத்துல பதினோரு தோப்புல நான் ஒத்தக் கம்பியில லைட்டுக் கட்டிவிட்டுருக்கேன். ராத்திரி பூரா தூக்கமே இல்ல. நாளைக்கு எங்கூட வாரியா?"

முப்பது வருட அனுபவக்காரர், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தேன்.

"எட்டு மணிக்கு வாரேண்ணே. ரெண்டு கம்பிக்கு வயர் எடுத்து வைங்க."